காட்டுயிரியல் படிக்க வருகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மாதத்தில் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அக்கா, எனக்குப் புலி, யானைன்னா உசுரு. காட்டுல வேலை செய்யணும். என்ன படிக்கணும்?" தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊர். தமிழ் வழியில் படித்தேன். அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் முடித்துவிட்டு, மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் எம்.எஸ்சி. காட்டுயிர் உயிரியல் படித்தேன். ஆய்வேடு கோடியக்கரை வெளிமான்களைப் பற்றி. அப்புறம் ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் ப்ராஜெக்ட் வேலை. இப்போது பிஎச்.டி. ஆகவே இதில் இருப்பது, விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த, காட்டுக்குள் யாரையும் முன்பின் தெரியாத ஒருத்தி பார்த்த வழி. வேறு வழிகளும் இருக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விலங்குகளின் மேல் ஆசை இருப்பது நல்லது, ஆனால் இந்தப் படிப்புக்கு அது மட்டும் போதாது. இது எண்ணுகிற, அளக்கிற, எழுதி வைக்கிற படிப்பு. ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, விடை கிடைக்கும் வரை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கான படிப்பு. யானையைப் பார்த்துப் பரவசப்படுவதோடு நிறுத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் வேறு நல்ல வேலை பார்த்துக்கொண்டு விடுமுறையில் காட்டுக்கு வரலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

எங்கே சேர்வது

பிளஸ் டூவில் உயிரியலோ, தாவரவியல்–விலங்கியலோ படித்திருந்தால் போதும். கணிதம் எடுக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். ஆனால் புள்ளியியலைப் பிறகு படித்தே ஆக வேண்டும், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இளங்கலையிலேயே காட்டுயிர் உயிரியல் வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது ஊட்டி அரசு கலைக் கல்லூரி. நீலகிரியின் நடுவில் உட்கார்ந்து படிப்பது பெரிய வாய்ப்பு; கல்லூரியிலிருந்து பஸ் ஏறினால் சோலைக்காடும் புல்வெளியும். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணமும் குறைவு. வனவியல் என்பது வேறு படிப்பு. அது மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. அதில் மரம், மண், வன மேலாண்மை அதிகம். விலங்குகள் ஒரு பகுதிதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்ந்துவிட்டு வருந்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் என் கருத்தைக் கேட்டால், இளங்கலையில் விலங்கியல் எடுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் நடைமுறை சார்ந்தது. இந்திய வனப் பணித் தேர்வுக்கு யு.பி.எஸ்.சி. ஏற்கும் பட்டப்படிப்புகளின் பட்டியலில் விலங்கியல், தாவரவியல், வேதியியல், வனவியல், வேளாண்மை, பொறியியல், கால்நடை மருத்துவம் என்று பெயர் பெயராக இருக்கிறது. ஆசிரியர் வேலைக்கான அறிவிப்பிலும் விலங்கியல் என்றுதான் போடுவார்கள். பட்டத்தில் வேறு பெயர் இருந்தால், அது விலங்கியலுக்கு இணையானது என்று காட்டும் அரசாணையைத் தேடி அலைய வேண்டிவரும். காட்டுயிர் உயிரியலில் பட்டம் வாங்கும் எண்ணம் இருந்தால், அந்த அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சமே வேண்டாம்.

முதுகலையில்தான் உண்மையான தேர்வு. மன்னம்பந்தலைச் சொல்லிவிட்டேன். ஊட்டியிலும் முதுகலை உண்டு. தேசிய அளவில் இரண்டு இடங்கள் முக்கியம். டேராடூனில் 1982-ல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம், அங்கே எம்.எஸ்சி. வைல்ட்லைஃப் சயின்ஸ் உண்டு. இன்னொன்று பெங்களூருவில் என்.சி.பி.எஸ். என்கிற தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் 2004 முதல் நடக்கும் எம்.எஸ்சி. காட்டுயிர் உயிரியல் மற்றும் பாதுகாப்பு. இரண்டிலும் இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. பெங்களூருவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் சேர்க்கை. ஆகவே இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே அடுத்த சேர்க்கை எப்போது என்று பார்த்து வைக்க வேண்டும். தமிழ் வழி மாணவர்கள் இவற்றுக்கு விண்ணப்பமே போடுவதில்லை. அது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம். நேர்காணலில் அவர்கள் ஆங்கில உச்சரிப்பைச் சோதிப்பதில்லை. நீங்கள் எதைப் பார்த்தீர்கள், அதைப் பற்றி என்ன யோசித்தீர்கள் என்றுதான் தோண்டுவார்கள்.

கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. 1990-ல் தொடங்கியது, இப்போது டேராடூன் நிறுவனத்தின் ஓர் அங்கம். அங்கே பிஎச்.டி., ப்ராஜெக்ட், மாணவர் பயிற்சி எல்லாம் உண்டு.

எந்தக் கல்லூரியானாலும் சேரும் முன் அங்கே படிக்கும் ஒரு மாணவரைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். களப்பணிக்கு எத்தனை வாரம் அனுப்புகிறார்கள்? ஆய்வேட்டுக்கு முழுதாக ஒரு பருவம் கொடுக்கிறார்களா? கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, களத்துக்கு வருவாரா, கையெழுத்து மட்டும் போடுவாரா? கட்டிடம், லேப், ரேங்க் எல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

சேரும் வரை என்ன செய்வது

ஒரு நோட்டு வாங்குங்கள். கெட்டி அட்டை போட்ட, சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு. ஒரு பென்சில். பேனா வேண்டாம், மழையிலும் வியர்வையிலும் மை கரைந்துவிடும்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரியோ குளமோ, வயல்வெளியோ, ஐயனார் கோயில் காடோ இருக்கும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே பாதையில் நடந்து எழுதுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெயிலா மேகமா, காற்று உண்டா, தண்ணீர் எந்த அளவு, கூட யார் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பறவை. எந்த இனம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் "கொக்கு போன்றது" என்று எழுதாதீர்கள். கால் நிறம், அலகின் நீளம், பறக்கும்போது இறக்கையில் தெரிந்த வெள்ளைப் பட்டை என்று கண்ணில் பட்டதை எழுதுங்கள். பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம். பார்க்காததைப் பிறகு பார்க்க முடியாது.

ஒன்றுமே இல்லாத நாளையும் எழுத வேண்டும். இதுதான் எல்லோரும் விடுவது. குளத்துக்குப் போனேன், நீர்க்காகம் இல்லை என்பதும் ஒரு தகவல். பின்னால் கணக்குப் போடும்போது அந்தப் பூச்சியங்கள் இல்லாவிட்டால் மற்ற எண்களுக்கு அர்த்தமே இருக்காது.

எழுதியதைப் பறவைப் பட்டியல்களுக்கான இபேர்ட் (eBird) தளத்தில் ஏற்றுங்கள், இலவசம். பட்டாம்பூச்சி, தவளை, செடி என்றால் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். நான்கு நாளும் கலந்துகொள்ளலாம், ஊர்ப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். உங்கள் தாலுகாவிலிருந்து பட்டியல் போடுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டுமாகக்கூட இருக்கலாம். நகரத்துப் பையன்கள் பெரிய கேமராவோடு வருவதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். ஒரே குளத்தை மூன்று வருடம் விடாமல் எழுதிய நோட்டு நேர்காணலில் எந்தக் கேமராவையும்விடக் கனமாகப் பேசும்.

பைனாகுலர் வாங்க முடிந்தால் 8×42 அளவில் வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்க லென்ஸின் மில்லிமீட்டர் அளவு. 20 மடங்கு, 30 மடங்கு என்று கடையில் ஆசை காட்டுவார்கள். கை நடுக்கத்தில் அதில் ஒன்றும் தெரியாது. வாங்க முடியாவிட்டாலும் நிறுத்த வேண்டாம், நான் இளங்கலை முழுக்க வெறும் கண்ணால்தான் பார்த்தேன்.

கணக்குத்தான் உயிர்

ராஜஸ்தானில் சரிஸ்கா என்று ஒரு புலிகள் காப்பகம். 2005-ல் அங்கே ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது வெளியே வந்தது. அதற்குச் சற்று முன்புவரை அலுவலகக் கணக்கில் புலிகள் இருந்தன. அந்தக் காலத்தில் காலடித் தடத்தைப் படியெடுத்து, இது இந்தப் புலி, அது அந்தப் புலி என்று எண்ணினார்கள். ஒரே புலியின் தடம் மணலில் ஒரு மாதிரி, சேற்றில் ஒரு மாதிரி விழும் என்பதை அந்த முறை கணக்கில் கொள்ளவில்லை. எண்ணும் முறை தவறாக இருந்தால் ஒரு காடே காலியாவதுகூட வெளியே தெரியாமல் போகும். என் வகுப்பில் இதைக் கேட்ட அன்றுதான் புள்ளியியல் எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு 2006 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை கேமரா ட்ராப், அதாவது விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா, வைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு என்பதால் பாதையின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு கேமரா வைப்பார்கள். 2022 கணக்கில் இந்தியாவில் சராசரியாக 3,682 புலிகள், தமிழ்நாட்டில் 306. "சராசரியாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த 3,682-க்கு மேல் வரம்பு 3,925 என்று அறிக்கையிலேயே இருக்கிறது. தலையை எண்ணிச் சொன்னதல்ல அது. கேமராவில் பிடிபட்டவற்றை வைத்து, பிடிபடாதவை எத்தனை இருக்கும் என்று கணித்தது. செய்தித்தாளில் வரும் ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இந்த நிச்சயமின்மையைப் புரிந்துகொள்வதுதான் உங்கள் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் ட்ரான்செக்ட். எல்லாக் காட்டுயிர் மாணவர்களும் நடந்தே ஆக வேண்டிய நடை. காட்டில் நேர்க்கோடு ஒன்றைத் தேர்ந்துகொண்டு விடியற்காலையில் மெதுவாக நடப்போம். ஒரு மான் கூட்டம் தெரிந்தால் அங்கேயே நின்று நான்கு விஷயம் குறிக்க வேண்டும்: என்ன விலங்கு, கூட்டத்தில் எத்தனை, நம்மிடமிருந்து எத்தனை மீட்டர், நம் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி கோணம். தூரத்துக்கு ரேஞ்ச்ஃபைண்டர் கருவி, கோணத்துக்குத் திசைகாட்டி. கூட்டம் 40 மீட்டரில் 30 டிகிரி கோணத்தில் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியின் சைன் மதிப்பு அரை. ஆக, அந்தக் கூட்டம் நம் கோட்டிலிருந்து செங்குத்தாக 20 மீட்டர் தள்ளி நிற்கிறது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான்.

இந்த 20 மீட்டர் எதற்கு? கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மான்களை நாம் தவறவிட மாட்டோம். தள்ளிப் போகப் போக மரமும் புதரும் மறைத்துச் சிலதை விட்டுவிடுவோம். எவ்வளவு வேகமாக விட்டுவிடுகிறோம் என்பதை இந்தச் செங்குத்துத் தூரங்களின் வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும். அதை வைத்து, பார்த்தவற்றிலிருந்து பார்க்காதவற்றைக் கணக்கிடலாம். கோடியக்கரையில் திறந்த புல்வெளியில் நிற்கும் வெளிமான் வெகு தூரத்திலேயே தெரியும். அதே மான் சீமைக் கருவேலத்துக்குள் புகுந்துவிட்டால் பக்கத்தில் வரும் வரை தெரியாது. இரண்டு இடத்திலும் கண்ணில் பட்ட எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால், மானுக்குக் கருவேலம் பிடிக்கவில்லை என்று தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

இதில் மூன்று ஒழுக்கம் உண்டு. கோட்டின் மேலேயே இருக்கும் விலங்கை ஒருபோதும் தவறவிடக்கூடாது. விலங்கு ஓடிப் போய் நின்ற இடத்தை அல்ல, முதலில் நின்ற இடத்தை அளக்க வேண்டும். தூரத்தைக் குத்துமதிப்பாக எழுதக்கூடாது. சரியான மதிப்பீடு வர ஒரு இனத்துக்குக் குறைந்தது 60 முதல் 80 முறையாவது பார்த்த பதிவு வேண்டும் என்பது பொது வழக்கம். ஆய்வேட்டுக்கு இனத்தைத் தேர்வு செய்யும்போது இந்த எண்ணை நினைவில் வையுங்கள். மூன்று மாதத்தில் சிறுத்தையை 60 முறை நேரில் பார்க்க முடியாது. புள்ளிமானை முடியும்.

கணக்கிடும் மென்பொருள் ஆர் (R), இலவசம். வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் (QGIS), அதுவும் இலவசம். கல்லூரியில் சொல்லித்தரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் குளத்து நோட்டிலுள்ள எண்களை ஆரில் போட்டு மாதவாரியாக ஒரு படம் வரையப் பழகுங்கள். அந்நியமான உதாரணத்தைவிடச் சொந்த எண்களில் பழகினால் சீக்கிரம் பிடிபடும். என்.பி.டி.இ.எல். (NPTEL) என்ற இணையவழிப் பாடத் தளத்தில் காட்டுயிர்ச் சூழலியல், பறவையியல் அடிப்படைப் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

கேள்வியும் கைடும் அனுமதியும்

ஆய்வேட்டுத் தலைப்பு கேட்டால் பெரும்பாலானவர்கள் விலங்கின் பெயரைச் சொல்வார்கள். "யானை பண்ணப் போறேன்." யானை ஒரு தலைப்பு இல்லை. "வறட்சி மாதங்களில் இந்தக் குட்டைக்கு யானைகள் பகலில் வருகின்றனவா, இரவிலா? பக்கத்தில் மாடு மேய்ந்தால் அது மாறுகிறதா?" இதுதான் தலைப்பு. விடை ஆம் என்றோ இல்லை என்றோ வரக்கூடிய கேள்வி, உங்கள் கைக்காசுக்கும் உங்களுக்குக் கிடைக்கும் மாதங்களுக்கும் அடங்குகிற கேள்வி.

கேள்வி பெரிய காட்டில்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் 11,806 ஹெக்டேரில் 2022-ல் தேவாங்குக்கென்று சரணாலயம் அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கு அதுதான் முதல் சரணாலயம். புலி இருக்கும் அடர்காடு இல்லை அது; முள்ளும் புதரும் கண்ட வறண்ட மலை, சுற்றிலும் ஊரும் தோட்டமும். இரவில் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு நடந்து தேவாங்குகளைக் கணக்கெடுத்தவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பெயர் அரசின் காதுக்கே போயிருக்காது. அப்படிப் பார்க்கப்படாத இடங்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு.

கைடாக வரச் சொல்லியோ, பயிற்சிக்கு இடம் கேட்டோ மெயில் அனுப்பும்போது "மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் காடு பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் எந்த இடம் உங்களுக்குக் கேள்வி எழுப்பியது என்று இரண்டு வரி. நீங்கள் இதுவரை எதைப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று இரண்டு வரி. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வர முடியும் என்று ஒரு வரி. போதும். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். பலர் களத்தில் சிக்னல் இல்லாமல் இருப்பார்கள்.

அனுமதி விஷயத்தில் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கல்லூரி வழியாக, ஆய்வின் நோக்கம், முறை, இடத்தின் வரைபடம், மாதங்கள், வருகிறவர்களின் பெயர் எல்லாம் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். டிசம்பரில் களத்துக்குப் போக வேண்டுமென்றால் ஜூன், ஜூலையிலேயே தாள் நகர ஆரம்பித்திருக்க வேண்டும். சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கைப் பிடிப்பது, வளையம் மாட்டுவது, ரத்தம் எடுப்பது என்றால் சரணாலயத்துக்கு வெளியேகூடத் தனி அனுமதி வேண்டும். உத்தரவு சென்னையிலிருந்து வந்த பிறகு கோட்ட அலுவலகம், ரேஞ்ச் ஆபீஸ் என்று நேரில் போய் நகல் கொடுங்கள். ரேஞ்சருக்கு உங்கள் முகம் தெரிந்திருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

முதுகலையின் குறுகிய மாதங்களில் இந்தத் தாள் வேலையே பருவத்தைத் தின்றுவிடும் என்று தோன்றினால், பாசனக் குளம், வயல், கல்லூரி வளாகம் என்று காப்புப் பகுதிக்கு வெளியே தலைப்பை வையுங்கள். மதிப்பெண்ணும் குறையாது, அறிவியலும் குறையாது.

களத்தில்

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். வேதாரண்யத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கினால் ஒருபக்கம் உப்பளமும் சேறும், மறுபக்கம் என்றும் பசுமையான உலர்காடு, நடுவே வெளிமான் மேயும் புல்வெளி. அதே புல்லைத்தான் காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. குளிர்காலத்தில் பூநாரையும் உள்ளானும் வந்து இறங்கும். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. வேலை என்னவோ ஐந்து மணிக்கு எழுந்து நடப்பது, வெயில் ஏறியதும் திரும்புவது, மத்தியானம் மான் புழுக்கை எண்ணிய டேட்டா ஷீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, மாலையில் மறுபடி நடப்பது. ஏற்றும் வேலையை அன்றன்றே முடித்துவிட வேண்டும். நான்கு நாள் சேர்த்தால் எது எந்தக் கூட்டம் என்பது மறந்துவிடும். தாளையும் தூக்கிப் போடாதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள்.

பெண் பிள்ளைகள் என்னிடம் தனியாகக் கேட்பதை இங்கே பொதுவிலேயே சொல்கிறேன். தங்கும் இடத்தில் கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள், கூடத் தங்குகிறவர் யார் என்பதைக் கைடிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் விடுப்பு வேண்டுமென்றால் சொல்லுங்கள், நடக்க முடிந்தால் நடங்கள், இரண்டும் சரிதான். பயன்படுத்திய நாப்கினைக் காட்டில் புதைக்கக் கூடாது, விலங்குகள் தோண்டிவிடும். மூடி போட்ட டப்பாவில் திரும்பக் கொண்டுவர வேண்டும். நான் மென்ஸ்ட்ருவல் கப்புக்கு மாறியது இதனால்தான். வீட்டில் பயப்படுவார்கள். என் அப்பாவை ஒருமுறை களத்துக்கே அழைத்துப் போய் வாட்சர் (வனக் காவலர்) அண்ணன் வீட்டில் சாப்பிட வைத்தேன். அதற்குப் பிறகு வீட்டில் கேள்வியே எழவில்லை. யாராவது, அவர் எவ்வளவு பெரிய விஞ்ஞானியானாலும், வரம்பு மீறினால் கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்கு எழுதுங்கள். ஆய்வேடு போய்விடுமே என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

உடம்பு விஷயம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். வெளவால், நாய், நரி போன்றவற்றைக் கையாளும் ஆய்வென்றால் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசியும். காட்டிலிருந்து வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால் "நான் புதருக்குள் வேலை செய்தேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஒரு காய்ச்சல், கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிப்பதால் வருவது, தமிழ்நாட்டில் நிறையவே உண்டு. கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இருக்கும், அக்குளிலோ இடுப்பிலோ மறைந்திருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் உரிய மருந்தில் சரியாகும், விட்டால் ஆபத்து. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் ஆஸ்பத்திரி. களத்துக்கு மிக அருகில் விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரி எது என்பதை முதல் நாளே விசாரித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

யாரிடம் கற்பது

ஆனைமலையில் எனக்கு எச்சம் பார்க்கச் சொல்லித்தந்தவர் ஒரு காடர் அண்ணன், வேட்டைத் தடுப்புக் காவலர். செந்நாய் எச்சமா, சிறுத்தை எச்சமா என்பதை இடத்தையும் வடிவத்தையும் வைத்து அவர் சொல்வார். நான் அதைச் சல்லடையில் அலசி, உள்ளிருக்கும் முடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எந்த விலங்கைத் தின்றது என்று கண்டுபிடிப்பேன். இரண்டு அறிவும் சேர்ந்தால்தான் ஓர் ஆய்வு. ஆனைமலையில் காடர், மலசர், முதுவர், சத்தியமங்கலத்தில் ஊராளி, சோளகர், இருளர் என்று ஒவ்வொரு காட்டுக்கும் அதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. நம் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் விஷமுறிவு மருந்துக்கு மூலமான விஷத்தில் பெரும்பகுதி அவர்கள் எடுத்துக் கொடுப்பது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

ஆகவே கூட வருகிறவரை "ஃபீல்ட் அசிஸ்டென்ட்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். பெயர் சொல்லி நன்றி எழுதுங்கள். அவர் வழியாகக் கிடைத்த தகவலை அவர் வழியாகக் கிடைத்தது என்றே எழுதுங்கள். கூலியை அன்றன்றே கொடுங்கள். யானைக் காட்டில் அவர் "இன்னிக்கு வேணாம்மா" என்றால் அன்றைய நடை அவ்வளவுதான், விவாதமே கிடையாது.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். கட்டுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கி அகராதி புரட்டினால் இரண்டாம் பக்கத்தில் களைத்துவிடுவீர்கள். முதலில் வரைபடத்தையும் அட்டவணைகளையும் பாருங்கள். அப்புறம் முறை என்ற பகுதி. எங்கே போனார்கள், எதை அளந்தார்கள் என்பது தெரிந்துவிட்டால் மற்றது தானாகப் பிடிபடும். ஒரே விலங்கைப் பற்றி ஐந்து கட்டுரை படித்தால் அதே ஐம்பது அறுபது சொல்தான் திரும்பத் திரும்ப வரும். கோவையிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா என்ற ஆய்விதழ் முழுதும் இலவசம், நம் ஊர் உயிரினங்கள் நிறைய வரும். பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம்.

வேலை, பணம் பற்றியும் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அது கிடைக்கும் வரை ப்ராஜெக்ட் வேலைதான். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தம், நடுவில் வெறும் மாதங்களும் வரும். வீட்டுக்குப் பணம் அனுப்பியே ஆக வேண்டிய நிலையில் இருந்தால் விலங்கியலோடு பி.எட்.டும் முடித்து வையுங்கள். ஆசிரியராக இருந்துகொண்டே நல்ல ஆய்வு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வனத்துறைக்குப் போக விரும்புகிறவர்கள் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள்.

ஆய்வேடு முடிந்ததும் பைண்டு போட்டு நூலகத்தில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு பிரதி ரேஞ்ச் ஆபீஸுக்கு. அதோடு தமிழில் ஒரே ஒரு பக்கம்: என்ன பார்த்தோம், எங்கே அதிகம், எங்கே குறைவு, எதனால் இருக்கலாம், அடுத்த வருடம் எதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பக்கத்தைப் பத்து நகல் எடுத்து வாட்சர்களுக்குக் கொடுங்கள். கூடு, குகை, ஈன்ற இடம் போன்றவற்றின் துல்லியமான இருப்பிடத்தை மட்டும் அதிலோ போனிலோ முகநூலிலோ போட வேண்டாம். அது வனத்துறையோடு இருக்கட்டும். மூலத் தரவை எக்ஸெல்லில் ஒழுங்காகப் பெயரிட்டு, எந்தப் பத்தியில் என்ன என்று ஒரு விளக்கத் தாளோடு கைடிடமும் கல்லூரியிலும் ஒப்படையுங்கள். அடுத்து அதே இடத்துக்கு வரும் மாணவர் உங்களிடம் போன் செய்து கேட்காமலேயே உங்கள் கோடுகளில் நடக்க முடிய வேண்டும்.